விண்டோஸ் ஃபார்ம்ஸில் டைமர்: திரை உறையாமல் ஓட்டுவது எப்படி

விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்பது டாட்நெட்டில் ஜன்னல் கொண்ட நிரல்களை எழுதும் முறை; அதிலுள்ள டைமர் குறித்த இடைவெளியில் ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும். விஷுவல் ஸ்டுடியோவின் டூல்பாக்ஸிலிருந்து டைமரை இழுத்து ஃபார்மில், அதாவது நிரலின் ஜன்னலில், போடுங்கள். இன்டர்வெல், அதாவது இடைவெளி, மில்லிசெகண்டில் இருக்கும். 5 நொடிக்கு ஒருமுறை என்றால் 5000. எனேபிள்ட் (டைமர் ஓடுகிறதா என்ற அமைப்பு) முதலில் ஃபால்ஸ்தான், எனவே ஸ்டார்ட்டை அழைக்க மறந்தால் எதுவும் ஓடாது.

ஒவ்வொரு இடைவெளியிலும் ஓடும் நம் நிரல்பகுதிதான் டிக். அது ஓடுவது திரையை வரையும் அதே த்ரெட்டில் (நிரலின் வேலை ஓடும் இழையில்). லேபிளை (ஜன்னலில் எழுத்து காட்டும் பகுதி) நேரடியாக மாற்றலாம், வசதிதான். ஆனால் உள்ளே 3 நொடி கோப்பைப் படித்தால் ஜன்னலும் 3 நொடி உறைந்துவிடும். கனமான வேலையை, வேறு த்ரெட்டில் ஓட்டும் டாஸ்க்.ரன்னுக்குத் தள்ளி, திரையை உறைய விடாமல் காத்திருக்கும் அவெய்ட் செய்யுங்கள். இப்போது வேறு சிக்கல்: முந்தையது முடியுமுன் அடுத்த டிக் வந்து நிற்கும். டிக்கின் முதல் வரியில் ஸ்டாப். பிழை வந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி பகுதியில், ஃபார்ம் இன்னும் திறந்திருந்தால் மட்டும் ஸ்டார்ட். இதை விடவே விடாதீர்கள்.

கடிகாரம் காட்ட டிக்குகளை எண்ண வேண்டாம். இந்த டைமரின் துல்லியம் 55 மில்லிசெகண்ட் அளவுதான்; பிழை சேர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு டிக்கிலும் கணினியின் தற்போதைய நேரத்தைத் தரும் டேட்டைம்.நவ் மதிப்பைப் படியுங்கள்.