டான்சில், அடினாய்டு அறுவைக்குக் கையெழுத்திடும் முன்

ஓராண்டில் 7 முறையாவது தொண்டை அழற்சி கண்ட பிள்ளைக்கும், உறக்கத்தில் குறட்டை விட்டு இடையிடையே மூச்சு நின்று திணறும் பிள்ளைக்கும் தொண்டையின் இருபுறமும் உள்ள டான்சிலையும், மூக்கின் பின்புறம் உள்ள அடினாய்டு சதையையும் எடுக்கும் அறுவை பரிந்துரைக்கப்படலாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், எந்த முறையில் எடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தார் கையில் மலையாளப் படிவம் வந்தால், தமிழில் விளக்கச் சொல்லத் தயங்க வேண்டாம்.

கருவிகளால் டான்சிலைப் பிரித்தெடுத்து இரத்தக் குழாய்களைக் கட்டுவது பழைய முறை. காட்டரி என்னும் மின்சூட்டுக் கருவி அறுவையின்போது இரத்தப்போக்கைக் குறைக்கும். ஆனால் சூடு சுற்றுத் தசையையும் தொடுவதால் பின்னர் வலி கூடலாம். கோப்ளேஷன் குறைந்த சூட்டில் உப்புநீரின் துணையோடு சதையைக் கரைக்கும், செலவு அதிகம். டான்சிலின் வெளியுறையை விட்டுவிட்டு உட்சதையை மட்டும் எடுத்தால் வலியும் இரத்தக் கசிவும் குறைவு என்றாலும், சிலருக்கு அது மீண்டும் வளரும் என்பதால், குறட்டைக்காகச் செய்யும் அறுவைக்கே அது கூடுதலாகப் பொருந்தும். அடினாய்டைக் கண்ணால் பாராமல் சுரண்டுவதைவிட, எண்டோஸ்கோப் என்னும் குழாய்க் கேமராவில் பார்த்தபடி எடுத்தால் மிச்சம் தங்குவது குறையும். இவ்வளவு சொன்னாலும், கருவியின் பெயரைவிட அம்மருத்துவரின் கைக்குப் பழகிய முறை எது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது; அக்கம்பக்கத்தார் சொன்ன புதுக் கருவிக்காக அவரை வற்புறுத்தாதீர்கள்.

அறுவை மருத்துவரின் பெரிய கவலை இரத்தப்போக்குதான். 15 கிலோ எடையுள்ள பிள்ளையின் உடலில் இரத்தம் ஒரு லிட்டரைச் சற்றே தாண்டும். ஆகவே குடும்பத்தில் எவருக்கேனும் இரத்தம் நிற்காத கோளாறு உண்டா, ஆஸ்பிரின் கொடுத்தீர்களா என்றும், அறுவையின்போது கழன்று விழக்கூடும் என்பதால் பிள்ளைக்கு ஆடும் பல் இருக்கிறதா என்றும் கேட்கும்போது மறைக்காமல் சொல்லுங்கள். உண்ணாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால் அதையும் சுட்டிக்காட்டுங்கள். அத்தகைய பிள்ளைக்கு அடினாய்டை முழுதும் எடுத்தால் பேச்சு மூக்கால் வரக்கூடும்.

முதல் 24 மணி நேரமும், தொண்டையில் படியும் வெள்ளைப் பொருக்கு உதிரும் 5 முதல் 10ஆம் நாள் வரையும் இரத்தம் கசியும் வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூரில் அறுவை செய்துகொண்டு எல்லை தாண்டி ஊர் திரும்புவோர், நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்கு ஓடுவது என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். திருவிழா நெரிசலில் அவசரத்துக்கு ஓடுவது கடினம் என்பதால், பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவுக்கு இரு நாள் முன்பாக அறுவைக்குத் தேதி வாங்காதீர்கள். கோடீன், டிரமடால் கலந்த வலி மருந்துகள் 12 வயதுக்குட்பட்டோருக்கு ஆகாது. சிறு பிள்ளைகள் இரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். உறக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குவதுபோல் தெரிந்தால், விளக்கைப் போட்டு வாயைத் திறந்து பார்த்து, சிவப்புத் தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் புறப்படுங்கள்.