பழைய அம்பாசிடருக்கு கேமும் சைலென்சரும் மாற்றும் விதம்

ஆடி மாதம் காவல்கிணறு விலக்கில் திரும்பி ஆரல்வாய்மொழி பக்கம் வண்டியை விட்டால் கணவாய்க் காற்று நேரே முகத்தில் அடிக்கும். அப்பா அம்பாசமுத்திரம் ஸ்டாண்டில் டாக்ஸியாக ஓட்டிய 1984 மார்க் 4 அம்பாசிடர் என்னிடம்தான் இருக்கிறது. அந்த எதிர்காற்றில் ஐந்து பேரை வைத்துக்கொண்டு டாப் கியரில் அது போகவே போகாது. அந்த இழுவைக் குறைக்காகத்தான் நான் முதன்முதலில் கேமில், அதாவது வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் மேடுகள் உள்ள தண்டில், கை வைத்தேன். இன்றுவரை மூன்று இன்ஜின்களுக்கு மாற்றியாகிவிட்டது. அதில் ஒன்றைக் கெடுத்தும் இருக்கிறேன், அந்தக் கதை பின்னால் வரும்.

நான் சொல்வது 1489 சிசி பெட்ரோல் இன்ஜினுக்கு மட்டும். 1992க்குப் பிறகு வந்த 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் வேறு சாதி, இந்த முறை அதற்குப் பொருந்தாது.

கேம் வாங்குவதற்கு முன்னால் ஹெட்டின் (சிலிண்டர்களின் மேல்மூடி) பக்கவாட்டை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். நாலு சிலிண்டருக்கு உள்ளே போகும் வாய் இரண்டுதான். 1ம் 2ம் ஒரு வாய், 3ம் 4ம் ஒரு வாய். சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை, அதாவது ஃபயரிங் ஆர்டர், 1-3-4-2. அதாவது 3 உறிஞ்சி முடிக்கும் முன்பே 4 அதே வாயில் உறிஞ்ச ஆரம்பித்துவிடும். 2க்கும் 1க்கும் அதே கதை. ஒரு வாய்க்கால் தண்ணீரை அடுத்தடுத்த இரண்டு வயல்களுக்கு ஒரே நேரத்தில் திறந்துவிட்ட மாதிரி. வால்வை ரொம்ப நேரம் திறந்து வைக்கும் ரேஸ் கேமைப் போட்டால் ஒரு சிலிண்டரின் பங்கை இன்னொன்று பிடுங்கும், ஐடிலில் வண்டி குதிக்கும், கீழ் ஆர்.பி.எம்.மில் இருந்த இழுவையும் போய்விடும். பிஸ்டன் ஓட்டமும் 88.9 மில்லிமீட்டர், நீளமானது. அதை 6000க்கு விரட்டக்கூடாது.

அதனால் என் கணக்கு எளிது. 1955ல் பிரிட்டனில் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின்தான். கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 252 டிகிரி திரும்பும்வரை அதன் கேம் இன்லெட் வால்வை, அதாவது உறிஞ்சும் வால்வை, திறந்து வைக்கும். நம் ஊர் ரோட்டுக்கும் சுமைக்கும் அதுதான் சரியான அளவு, 260ஐத் தாண்டாதீர்கள். புது கேம் கிடைத்தால் நல்லது. பழைய கேமையே மறுபடி கிரைண்ட் செய்தும் வாங்கலாம். அப்படிச் செய்தால் கேமின் அடிவட்டம் சிறுத்துவிடும், ராக்கர் (வால்வை அமுக்கும் நெம்புகோல்) ஸ்க்ரூவை அந்த அளவுக்குக் கூடுதலாகத் திருப்ப வேண்டிவரும். ஸ்க்ரூவில் மரை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

சைலென்சர் வேலையை முதலில் முடித்து ஒரு மாதம் ஓட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது என்ன செய்தது என்று தெரியாது.

ஹெட்டில் புகை வெளியே போகும் வாய்கள் மூன்று. ஓரங்களில் 1க்கும் 4க்கும் தனித்தனி, நடுவில் 2க்கும் 3க்கும் சேர்த்து ஒன்று. நடுவாயில் 3 வெடித்து, இடையில் 4 வெடித்து, அப்புறம்தான் 2 வெடிக்கும். அதனால் அந்தக் குழாயில் புகை சம இடைவெளியில் வருகிறது. 1ம் 4ம் அதே போலத்தான். ஆகவே ஓரக் குழாய்கள் இரண்டையும் முதலில் ஒன்றாக்கி, நடுக்குழாயைத் தனியே நீளமாகக் கொண்டுவந்து, கியர் பாக்ஸ் பக்கம் கீழே இரண்டையும் சேருங்கள். கிளைகளுக்கு ஒன்றரை இஞ்ச் குழாய், சேர்ந்த பிறகு ஒன்றேமுக்கால் இஞ்ச். ரெண்டு இஞ்ச் போட்டால் சத்தம்தான் கூடும்.

எங்கள் பக்கம் குழாய் வளைக்க மெஷின் இல்லாத பட்டறையில் மணல் நிரப்பித்தான் வளைப்பார்கள். மணலை இரும்புச் சட்டியில் போட்டு, கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும்வரை வறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் காய்ச்சும்போது ஆவியாகி, அடைத்த கட்டையைத் துப்பாக்கிக் குண்டு போலத் தள்ளிவிடும். மணலைத் தட்டித் தட்டி இறுக நிரப்பி, இரு முனையையும் மரக்கட்டையால் அடைத்து, வளைகிற இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி மெதுவாக இழுத்தால் குழாய் நசுங்காமல் வளையும். குழாயை ஹெட்டோடு பிடிக்கும் ஃபிளேஞ்சு தகடு 10 மில்லிமீட்டர் இருக்கட்டும், மெல்லியது சூட்டில் கோணும். அதை ஹெட்டில் முடுக்கி வைத்துக்கொண்டே பற்றவையுங்கள்.

சைலென்சர் பெட்டியைக் கழற்றி வீசாதீர்கள். சைலென்சர் இல்லாமல் ஓட்டுவது சட்டப்படி தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. தயங்கினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதோடு, விடிகாலை நாலு மணிக்குக் கல்லிடைக்குறிச்சித் தெருவில் உறுமிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமும் இல்லை.

இப்போது கேம். இன்ஜினை இறக்கித்தான் செய்ய வேண்டும். சம்ப்பையும் (அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயில் பம்பையும் எடுக்காமல் கேம் வெளியே வராது, ஏனென்றால் பம்பைச் சுற்றுவது கேமில் உள்ள பல்தான். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்ததும் உள்ளே ஒரு டிரைவ் தண்டு தெரியும். 5/16 இஞ்ச் யுஎன்எஃப் (நுண்மரை) போல்ட்டை அதில் திருகி, திருப்பிக்கொண்டே மேலே இழுத்தால் வந்துவிடும். ராக்கர், அதைத் தள்ளும் புஷ் ராடு, பக்கவாட்டு மூடிகள் வழியாக டேப்பட்டுகள் (கேமுக்கும் புஷ் ராடுக்கும் நடுவே நிற்கும் சிறு உருளைகள்), பிறகு டைமிங் செயின், கேமைப் பிடித்திருக்கும் தட்டின் மூன்று போல்ட் என்று வரிசையாகக் கழற்றி, கேமை மெல்லச் சுழற்றி உருவுங்கள். பேரிங்கில் கீறல் விழக்கூடாது.

புது கேமுக்குப் புது டேப்பட். இதில் பேரமே கிடையாது. என் இரண்டாவது இன்ஜினில் பழைய டேப்பட்டுகள் பார்க்கப் பளபளப்பாக இருந்தன என்று அவற்றையே போட்டேன். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டுவிட்டு கார்புரேட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு ராக்கர் மட்டும் மற்றவற்றை விடக் குறைவாக ஏறி இறங்கியது. பிரித்துப் பார்த்தால் ஆறாவது லோபின் (கேமில் உள்ள மேடு) மூக்கு மழுங்கி, சம்ப் ஆயில் வெள்ளித் தூள் கலந்ததுபோல் மின்னியது. ஆறு வாரக் கூலி வீண். பழைய டேப்பட்டின் முகம் பழைய லோபுக்கு ஏற்பத் தேய்ந்திருக்கும். புதிய லோபின் மேல் அது சுழலாமல் உரசித் தின்றுவிடும்.

கேமைப் போட்டு, கியர்களின் இரு புள்ளிகளும் எதிரெதிரே வரச் செயினை மாட்டியாயிற்று. பட்டறையில் என்னோடு இருக்கும் பையன் அப்போது கேட்டான்: "அண்ணாச்சி, புள்ளிதான் சேந்திருக்குல்லா, பெறகு என்னத்துக்கு அளக்கணும்?"

அளந்துதான் ஆக வேண்டும். கியரில், கியரைத் தண்டோடு பூட்டும் சாவியின் வெட்டில், கிரைண்டிங்கில் கொஞ்சம் கொஞ்சம் பிசகினாலே நாலைந்து டிகிரி போய்விடும். டிகிரி வட்டத்தைக் காகிதத்தில் அச்சடித்துத் தகட்டில் ஒட்டி, கிராங்க் முனையில் மாட்டுங்கள். கம்பியை வளைத்து முள் வையுங்கள். ஒன்றாம் பிஸ்டன் சரியாக மேலே நிற்கும் இடத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து, நடுவில் ஒரு போல்ட் பற்றவைத்து, அதைத் தடுப்பாக மாட்டி, கிராங்கைக் கையால் மெல்ல இரு பக்கமும் திருப்பி முட்ட விடுங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் பூஜ்யம். தடுப்பை எடுத்துவிட்டு, 1ம் சிலிண்டரின் இன்லெட் புஷ் ராடு மேல் டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவி) நிறுத்துங்கள். இனி கிராங்கை ஓடும் திசையில் மட்டும் திருப்ப வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் செயினின் தொய்வு கணக்கைக் கெடுக்கும்.

உச்சத்தில் முள் சற்று நேரம் அசையாமல் நிற்கும், அதனால் உச்சத்தை நேரே படிக்காதீர்கள். உச்சத்துக்கு அரை மில்லிமீட்டர் கீழே, ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது ஒரு எண். என் வண்டியில் 82ம் 146ம் வந்தன. கூட்டிப் பாதியாக்கினால் 114. எம்ஜிஏ கேமுக்கு உச்சம், பூஜ்யத்திலிருந்து வர வேண்டியது 110. அதாவது கேம் 4 டிகிரி தாமதம், புள்ளிகள் கச்சிதமாகச் சேர்ந்திருந்தும்! பேட்டையில் ஒரு லேத்தில் படி வைத்த சாவி ஒன்று கடைந்து வாங்கினேன். கிராங்கில் 4 டிகிரி என்றால் கேம் கியரில் 2 டிகிரிதான், இதை லேத்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாட்டி மறுபடி அளந்தபோது 78, 142. பையன் தானே கூட்டிப் பார்த்துச் சிரித்தான்.

அளந்து முடித்ததும் ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் சிறு பிள்ளைகளின் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மறுபடி முடுக்கி, கிராங்கை இரண்டு சுற்று சுற்றிக் கழற்றுங்கள். களிமண்ணின் மெல்லிய இடம் இன்லெட்டில் 2, எக்ஸாஸ்ட்டில் இரண்டரை மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வால்வு முழுதும் திறந்திருக்கும்போது ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றையொன்று முட்டவும் கூடாது.

டேப்பட் இடைவெளிக்கு, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு, ஒன்பது கணக்கு: 8ம் வால்வு முழுதும் திறந்திருக்கும்போது 1ம் வால்வின் இடைவெளியை வையுங்கள், 6 திறந்தால் 3, 4 திறந்தால் 5. கூட்டினால் எப்போதும் 9. அளவு கேமோடு வரும் சீட்டில் இருப்பதுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் லோப்களுக்கு மாலிப்டினம் பேஸ்ட் தடவியிருக்க வேண்டும், துத்தநாகம் சேர்த்த 20W-50 ஆயில் இருக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீர், பெட்ரோல், இக்னிஷன் எல்லாம் முதல் சுற்றிலேயே பிடிக்கும்படி தயாராக வையுங்கள். பிடித்ததும் ஐடிலுக்கு விடாமல் 2000 முதல் 2500 வரை ஏற்றி இறக்கி 20 நிமிடம். ஐடிலில் லோபுக்கு எண்ணெய் தெறிப்பது குறைவு. நான் அன்று இழந்தது அதனாலும்தான். ஒழுகினால் அணைத்துச் சரிசெய்து, மீதி நிமிடங்களை ஓட்டுங்கள். பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரில் மெயின் ஜெட் (பெட்ரோல் போகும் துளை) ஒரு படி பெரிதாகத் தேவைப்படலாம். நாங்குநேரி தாண்டி நேர் ரோட்டில் ஒரே வேகத்தில் ஓட்டி, கிளட்சை மிதித்து இன்ஜினை அணைத்து ஓரங்கட்டி பிளக்கைப் பாருங்கள். காப்பிப்பொடி நிறம் நல்லது, வெளுத்திருந்தால் ஜெட் போதவில்லை. புகைச் சான்றுக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் வர வேண்டும், இந்த அளவு கேமில் அது வரும்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்ஜின் நன்றாக ஆறியதும் டேப்பட் இடைவெளியை மறுபடி பார்த்து, மேனிஃபோல்டு (ஹெட்டோடு சேரும் குழாய்த்தொகுதி) நட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்குங்கள். நான் அதை முடித்த மறுவாரமே ஆரல்வாய்மொழி போனேன். அதே காற்று, வண்டியில் ஐந்து பேர், டாப் கியரிலேயே போனது.