கச்சேரியை வீட்டிலேயே பல டிராக்கில் பதிவு செய்ய, கட்டுப்படியாகும் விலையில் எந்த இன்டர்ஃபேஸ்?

ஒருவர் பாடுகிறார், பக்கத்தில் வயலின், மிருதங்கம், கடம். வீட்டு ஹாலில் உட்கார்ந்து இதை ஒழுங்காகப் பதிவு செய்ய வேண்டும், அப்புறம் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க வேண்டும், கையில் இருக்கும் பணம் கொஞ்சம்தான். இதற்கு மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸ் என்னும் பெட்டி வேண்டும். இப்படி ஒரு நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: உங்களுக்குப் பல சேனல், அதாவது ஒலி உள்ளே போகப் பல தனி வழிகள், உண்மையிலேயே தேவையா? சினிமாப் பாட்டை வீட்டில் பாடிப் பதிவு செய்கிறவருக்கு இரண்டு சேனல் பெட்டியே தாராளம், ஏனென்றால் டிராக்கைப் போட்டுவிட்டு முதலில் கிடார், பிறகு குரல், பிறகு கோரஸ் என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிந்துகொண்டே போகலாம். கர்நாடக சங்கீதத்தில் அந்த வழி நடக்காது. பாடகர் நிரவலில் எங்கே போவார் என்று வயலின்காரருக்கு முன்கூட்டித் தெரியாது, கல்பனாஸ்வரத்தின் கடைசிக் கோர்வையை மிருதங்கக்காரர் அந்த நொடியில் கேட்டுத்தான் வாசிக்கிறார், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் மாற்றி மாற்றி வாசிப்பார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வாசித்தால்தான் அது கச்சேரி. அதனால் எத்தனை மைக் வைக்கிறீர்களோ அத்தனையும் ஒரே நேரத்தில் கணினிக்குள் போக வேண்டும். அதற்குத்தான் மல்டிசேனல் இன்டர்ஃபேஸ்.

சரி, எத்தனை சேனல்? கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். குரலுக்கு ஒன்று. வயலினுக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு இரண்டு, வலந்தலைக்கு ஒன்றும் தொப்பிக்கு ஒன்றும், இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், ஏனென்றால் தொப்பியின் கும்கியும் வலந்தலையின் நாதமும் ஒரே மைக்கில் சரியான அளவில் விழுவது அபூர்வம், பிறகு மிக்ஸில் அதைப் பிரிக்க வழியே இல்லை. கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ இருந்தால் அதற்கு ஒன்று. எலக்ட்ரானிக் தம்புராவுக்கு ஒன்று. இதுவே ஆறு. அறையின் சத்தத்தை மொத்தமாகப் பிடிக்க எதிரே இரண்டு மைக் வைத்தால் எட்டு, அந்த இரண்டையும் நான் அவசியம் என்றே சொல்வேன், நெருங்கி வைத்த மைக்குகளில் மட்டும் கேட்டால் நான்கு பேரும் நான்கு வீட்டில் உட்கார்ந்து வாசித்ததுபோல இருக்கும். ஆக, முழு கச்சேரிக்கு எட்டு. வீணையும் மிருதங்கமும் மட்டும், அல்லது குரலும் மிருதங்கமும் மட்டும் என்றால் நான்கு போதும்.

அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு பெட்டியின் பெயரைப் பாருங்கள், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பெயரில் இருக்கும் எண் மைக்கின் எண்ணிக்கை அல்ல. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 என்றால் பதினெட்டு உள்ளே, இருபது வெளியே; ஆனால் அந்தப் பதினெட்டில் மைக் செருகக்கூடியது எட்டுதான், மீதி எட்டு ஏடாட் என்னும் ஆப்டிகல் வழி, கடைசி இரண்டு எஸ்பிடிஃப் டிஜிட்டல் வழி. ஸ்கார்லெட் மூன்றாம் தலைமுறை 18ஐ8-இலும் அதே பதினெட்டு, ஆனால் மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்கும் மைக் ப்ரீஆம்ப் நான்கே நான்கு. ஸ்கார்லெட் 4ஐ4-இலும் மோட்டு எம்4-இலும் நான்கு உள்ளீடு இருந்தும் மைக்குக்கு இரண்டுதான். டாஸ்காம் யூஎஸ்-16x08-இல் பதினாறு இருக்கிறது, அதில் எட்டு மைக்குக்கு, மற்ற எட்டு கீபோர்டு மாதிரி ஏற்கெனவே பலமாக வரும் லைன் சிக்னலுக்கு. விவரப் பட்டியலில் நீங்கள் தேட வேண்டியது ஒரே ஒரு வரி: மைக் ப்ரீஆம்ப் எத்தனை.

இதைவிடப் பெரிய பொறி யூஎஸ்பி மிக்ஸர். பத்துப் பன்னிரண்டு சேனல், வரிசையாக மைக் துளைகள், பின்னால் ஒரு யூஎஸ்பி துளை, விலையும் குறைவு என்றதும் இதுதான் நமக்கு என்று தோன்றும். ஆனால் அவற்றில் பல, எல்லா மைக்கையும் கலந்து இடது வலது என்று இரண்டே டிராக்கைத்தான் கணினிக்கு அனுப்பும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்ஸர், மேடைக்கு அருமை, ஆனால் அதன் யூஎஸ்பி இரண்டு சேனல்தான். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12-க்கும் சிக்னேச்சர் 12 எம்டிகே-க்கும் பார்க்க அவ்வளவு வித்தியாசம் தெரியாது. எம்டிகே என்று முடிவதுதான் ஒவ்வொரு சேனலையும் தனியாக அனுப்பும். கடைக்காரரிடம் “யூஎஸ்பி இருக்கா?” என்று கேட்காதீர்கள், “ஒவ்வொரு மைக்கும் தனி டிராக்காக கம்ப்யூட்டருக்குப் போகுமா?” என்று கேளுங்கள்.

இனி பெட்டிகள். நான்கு மைக் போதும் என்பவருக்குக் குறைந்த செலவில் பெஹ்ரிங்கர் யூஎம்சி404எச்டி. நான்கும் மைடாஸ் வடிவமைப்பு ப்ரீஆம்ப், நான்கு வெளியீடு, கீபோர்டை இணைக்கும் மிடி கூட உண்டு. ஏடாட் கிடையாது என்பது மட்டும்தான் குறை, அதாவது நாளைக்கு ஐந்தாவது மைக் வேண்டுமென்றால் இந்தப் பெட்டியை வளர்க்க முடியாது. ஆடியன்ட் ஈவோ 8-இலும் நான்கு மைக், மைக்கின் ஒலியை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்னும் கெயினைத் தானாகவே அமைத்துக்கொள்ளும் வசதி இருக்கிறது, தனியாக உட்கார்ந்து வாசித்துத் தானே பதிவு செய்பவர்களுக்கு அது நல்ல உதவி.

எட்டு வேண்டுமென்றால் என் முதல் பரிந்துரை பெஹ்ரிங்கர் யூஎம்சி1820. எட்டு மைக் ப்ரீஆம்ப், ஏடாட், இரண்டு ஹெட்போன் துளை. ஸ்கார்லெட் 18ஐ20 இதைவிட நன்றாகக் கட்டப்பட்டது, அதன் மென்பொருளும் வசதியானது, ஆனால் விலை நன்றாகவே அதிகம். அந்த வித்தியாசத்தில் நல்ல மைக் ஒன்றிரண்டு வாங்கிவிடலாம், கேட்பவர் காதில் விழுவது அந்த மைக்தான். இன்றைய மலிவான ப்ரீஆம்ப்புகளின் இரைச்சல் மிகக் குறைவு. வீட்டு ஹாலில் மின்விசிறி, பக்கத்துத் தெரு வண்டி, குளிர்பெட்டியின் முனகல் இவற்றுக்கு நடுவில் அந்த இரைச்சலை யாரும் கேட்கப் போவதில்லை.

மேடையிலும் வேலை செய்கிறவர் என்றால் பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 பற்றி யோசிக்கலாம். டேப்லெட் வழியாக இயக்கும் டிஜிட்டல் மிக்ஸர், பதினாறு மைக் ப்ரீஆம்ப், பதினெட்டு சேனலும் யூஎஸ்பி வழியாகத் தனித்தனியாகக் கணினிக்குப் போகும். விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்னும் சாம்பிள் ரேட் 44.1, 48 கிலோஹெர்ட்ஸ் மட்டும்தான். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கச்சேரிப் பதிவுக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் போதும், வீடியோவுக்கும் அதுதான் பொருந்தும். 192 என்று பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருப்பதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு ஜூம் எல்-12 இருக்கிறது, எட்டு மைக், எஸ்டி கார்டிலேயே தனித்தனி டிராக்காகப் பதியும், வேண்டுமானால் இன்டர்ஃபேஸாகவும் இயங்கும். கோயிலிலோ சபாவிலோ போய்ப் பதிவு செய்ய வேண்டியிருந்தால் ஜூம் எச்6, நான்கு மைக் துளையும் தலையில் ஒரு ஸ்டீரியோ மைக்கும், பென்சில் பேட்டரியில் ஓடும்.

ஏடாட் என்று மேலே சொன்னேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், மலிவாக வளர அதுதான் வழி. ஒரே ஆப்டிகல் கேபிளில் 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு சேனல் போகும் (96-க்குப் போனால் நான்காகக் குறைந்துவிடும்). இன்றைக்கு ஏடாட் உள்ள பெட்டியை வாங்கிவிட்டால், பின்னொரு நாள் பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 மாதிரி எட்டு மைக் ப்ரீஆம்ப் பெட்டி ஒன்றைச் சேர்த்துப் பதினாறு மைக் ஆக்கிக்கொள்ளலாம். இணைக்கும்போது இரண்டு பெட்டியும் ஒரே வேகத்தில் ஓட எதன் கடிகாரத்தைப் பின்பற்றுவது என்று சொல்லிவிட வேண்டும்: புதுப் பெட்டியை 48-இல் அதன் சொந்தக் கடிகாரத்தில் ஓடவிட்டு, இன்டர்ஃபேஸின் அமைப்பில் கடிகாரத்தை ஏடாட்டிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இதை மறந்தால் பதிவில் இடையிடையே டிக் டிக் என்று சத்தம் வரும். ஏடாட் இல்லாத இரண்டு யூஎஸ்பி பெட்டிகளைச் சேர்த்து ஓட்டலாமே என்று கேட்டால், விண்டோஸில் வெவ்வேறு ஏசியோ டிரைவர்களை (பெட்டியைப் பதிவு மென்பொருளோடு இணைக்கும் சின்ன மென்பொருள்) ஒரே நேரத்தில் ஓட்டுவது பெரும்பாலான மென்பொருளில் நடக்காது. மேக்கில் சேர்க்க வழி உண்டு, ஆனால் நீண்ட கச்சேரிக்கு அதை நம்பி உட்கார மாட்டேன்.

யூஎஸ்பி 2.0 பழசாயிற்றே, எட்டு சேனல் தாங்குமா என்று சிலர் பயப்படுவார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனல் விநாடிக்குச் சுமார் 1.15 மெகாபிட், எட்டுக்கும் சேர்த்து 9.2, யூஎஸ்பி 2.0-இன் வேகம் 480. பயமே வேண்டாம். டிஸ்க்கில் ஒரு மணி நேரத்துக்கு நாலே கால் ஜிபிக்குள்தான் ஆகும். இரண்டாம் கையில் மலிவாகக் கிடைக்கும் பழைய ஃபயர்வயர் பெட்டிகளை மட்டும் தொடாதீர்கள், இப்போதைய கணினிகளில் அதற்குத் துளையே கிடையாது.

லேட்டன்சி, அதாவது ஒலி கணினிக்குள் போய்க் காதுக்குத் திரும்பி வரும் தாமதம், பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். டிராக்கைக் காதில் கேட்டுக்கொண்டே மேலே பாடுகிறவருக்கு அது முக்கியம். ஒரே அறையில் ஒருவரை ஒருவர் நேராகக் கேட்டு வாசிக்கும் கச்சேரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, கணினி ஒலியைச் சேர்த்து வைத்து வாங்கும் அளவான பஃபரை 512 அல்லது 1024-இல் வைத்துவிட்டு நிம்மதியாகப் பதியுங்கள், கணினியும் திணறாது. உங்களுக்கு முக்கியம் டிரைவர் நிற்காமல் ஓடுவது. விண்டோஸ் என்றால் அந்தப் பெட்டிக்கு நிறுவனமே கொடுக்கும் ஏசியோ டிரைவர் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே அவர்களுடைய தளத்தில் பார்த்துவிடுங்கள், மேக்காக இருந்தால் உங்கள் சிப்புக்கும் மேக்ஓஎஸ் பதிப்புக்கும் பொருந்துமா என்று பாருங்கள்.

மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் மின்சாரமான பேண்டம் பவர் பற்றி ஒரு வார்த்தை. கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் வேண்டும், இது எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது, ஆனால் மலிவானவற்றில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி சுவிட்ச் இருக்காது, ஒரே சுவிட்ச் நான்கு சேனலுக்கும் போடும். சாதாரண டைனமிக் மைக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் வைத்திருப்பவர் அதை அந்தக் குழுவில் செருகாமல் இருப்பது நல்லது. எலக்ட்ரானிக் தம்புராவையும் கைபேசியையும் எக்ஸ்எல்ஆர் என்னும் மூன்று முனை மைக் துளை வழியாக இணைக்காதீர்கள், கால் அங்குல ஜாக்கில் செருகுங்கள், அந்த வழியில் 48 வோல்ட் வராது. இன்னொன்று: கைபேசியின் ஹெட்போன் துளையிலிருந்து ஸ்டீரியோ கேபிளை அப்படியே ஒரு ஜாக்கில் செருகினால் இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு தம்புரா சத்தம் மெலிந்தோ காணாமலோ போகும். இரண்டாகப் பிரியும் கேபிள் வாங்கி ஒரு பக்கத்தை மட்டும் செருகினால் போதும். வீணையிலோ வயலினிலோ ஒட்டும் பிக்கப் பயன்படுத்துகிறவர்கள் ஹை-இசட் என்னும் கிடார் உள்ளீடு எத்தனை என்று பாருங்கள், சாதாரண லைனில் செருகினால் ஒலி மெலிந்து கீச்சென்று இருக்கும்.

கரண்ட் விஷயம் நம் வீடுகளில் பெரிது. எட்டு மைக் பெட்டிகள் பெரும்பாலும் யூஎஸ்பி மின்சாரத்தில் ஓடாது, தனி அடாப்டர் உண்டு. கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருக்கும், இன்டர்ஃபேஸ் அணைந்துவிடும், பதிவு அங்கேயே நின்றுவிடும். அதனால் இன்டர்ஃபேஸை ஒரு சின்ன யூபிஎஸ்ஸில் போடுங்கள். ‘ம்ம்’ என்று அடியில் ஒரு முனகல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அதுதான். நிற்காவிட்டால் எல்லாக் கருவியையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து எடுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். எர்த் பின்னை உடைத்துவிட்டுச் செருகுகிற பழக்கம் ஆபத்து, அதைச் செய்யவே கூடாது.

பணத்தைப் பிரிக்கும்போது இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். எட்டு சேனல் என்றால் ஏழெட்டு மைக், அத்தனை ஸ்டாண்ட், அத்தனை எக்ஸ்எல்ஆர் கேபிள். பெட்டியை வாங்கிவிட்டு மைக்குக்குக் காசில்லாமல் நிற்பதைவிட, மொத்தப் பணத்தில் பெட்டிக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் எல்லாம் அடங்கும். மைக்கில் சிலதை முதல் கச்சேரிக்கு இரவல் வாங்கலாம், இன்டர்ஃபேஸை அப்படி வாங்க முடியாது.

இரண்டாம் கையாக வாங்கினால் ஒரே ஒரு மைக்கை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு துளையிலும் செருகிப் பேசிப் பாருங்கள், கண்டென்சர் மைக்காக இருந்தால் பேண்டமும் சேர்த்துச் சோதித்ததாகிவிடும். கெயின் குமிழை மெதுவாகத் திருப்பும்போது கரகரவென்றால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அடாப்டர் அதனுடையதுதானா, வோல்ட்டும் முனையும் பெட்டியில் அச்சிட்டதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

புதிதாக வாங்கினாலும் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் முழுச் சோதனை செய்துவிடுங்கள். எட்டு டிராக்கையும் ஆன் செய்து, உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லுக்கு மேல் போகாதபடி கெயினை வைத்து (மிருதங்கக்காரர் சோதனைக்கு வாசிக்கிற வேகத்தில் தனியில் வாசிக்க மாட்டார், இன்னும் பலமாகவே அடிப்பார்), இரண்டு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். யாரும் வாசிக்க வேண்டாம், ரேடியோ பாடினால் போதும். பிறகு டிராக்குகளைத் திறந்து முதல் பத்து நிமிடம், நடுவில், கடைசியில் என்று கேளுங்கள், இடையில் வெட்டு விழுந்திருந்தால் டிரைவரை மாற்றி ஒரு தடவை, வேறு யூஎஸ்பி துளையில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வெட்டு விழுந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.