ஆலயத்துக்குப் புதிதாக வருகிறவரைச் சேர்த்துக்கொள்வது எப்படி?

ஆராதனை முடிந்து கைகுலுக்கிவிட்டு பைக்கை எடுத்துக் கிளம்புவதெல்லாம் வரவேற்பு ஆகாது. கடைசி பெஞ்சில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தால், பாட்டு தொடங்கும்போதே பக்கத்தை எடுத்து உங்கள் பாட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள், அப்புறம் பேசலாம். பேசும்போது 'எந்த ஊரு, யாரு வீட்டு ஆளு' என்று தோண்டாதீர்கள். நம் குமரி மாவட்டத்தில் அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சாதி பாராமல் பழகி, விசுவாசத்துக்காக உயிரையும் கொடுத்த நட்டாலம் ஊர்க்காரர் தேவசகாயம் 2022 மே 15 அன்று புனிதரானபோது பெருமைப்பட்டது நாம்தானே!

அடுத்தது சாப்பாடு. விருந்தெல்லாம் வேண்டாம், வீட்டில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் இருக்கிற அன்றைக்குக் கூப்பிட்டாலே போதும். அந்நியரை உபசரிக்க மறக்காதீர்கள் என்கிறது எபிரெயர் 13:2. துறைமுகத்திலும் கட்டட வேலையிலும் இருக்கிற வடமாநிலப் பிள்ளைகளும் அதில் அடக்கம், அவர்கள் எந்த மதமாக இருந்தாலும் சரி. சாப்பிட வந்தவருக்குப் பிரசங்கம் மட்டும் வேண்டாம்.

புதியவரை நம்புவதுதான் கஷ்டம். சில வாரமாக வருகிறவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுங்கள், அசனத்தன்று, அதாவது சபையார் எல்லோரும் ஆலயத்தில் சேர்ந்து சாப்பிடுகிற அன்று, பந்தி பரிமாற விடுங்கள். கமிட்டிக்காரர் யாராவது முகம் சுளித்தால், அவர் கையிலும் ஒரு சாம்பார் வாளியைக் கொடுத்து அதே பந்தியில் நிறுத்துங்கள்.