ஆண்ட்ராய்டும் விண்டோஸும் மாறும்போது சிறு மென்பொருளாளர் செய்ய வேண்டியவை

ஆகஸ்ட் 31 என்ற தேதியை நாட்காட்டியில் முதலில் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். பிளே ஸ்டோரில் ஏற்றும் செயலி எந்த ஆண்ட்ராய்டைக் குறிவைத்திருக்க வேண்டும் என்ற வரம்பை கூகுள் அந்த நாளையொட்டியே உயர்த்தி வருகிறது. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏபிஐ என்றொரு எண் உண்டு. 2024இல் அந்த வரம்பு ஏபிஐ 34 (ஆண்ட்ராய்டு 14), 2025இல் ஏபிஐ 35 (ஆண்ட்ராய்டு 15). விண்ணப்பித்தால் நவம்பர் 1 வரை தவணை கிடைத்தது என்றாலும், அதை நம்பியிருக்க வேண்டாம். காரைக்குடிச் சேலைக் கடைகளுக்கு ஆவணி முகூர்த்த மாதம். கண்டாங்கி எடுக்கக் கூட்டம் நிற்கும் நேரத்தில் பில் போடும் செயலியில் கைவைக்க எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார். ஆடித் தள்ளுபடிக்கு முன், ஆனியிலேயே வேலையை முடித்துவிடுங்கள்.

இப்படிக் குறிவைக்கும் எண்ணான டார்கெட் எஸ்டிகேயை உயர்த்தினால் பழைய கைபேசிகளில் செயலி நின்றுவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அதைத் தீர்மானிப்பது மினிமம் எஸ்டிகே (minSdk), அதாவது செயலி இயங்கத் தேவையான குறைந்தபட்ச ஆண்ட்ராய்டைச் சொல்லும் வேறோர் எண். அதைத் தொடாதவரை பழைய கைபேசிகள் விலகிப்போவதில்லை. டார்கெட்டை உயர்த்துவது, "புதிய விதிகளின்படி என்னை நடத்தலாம்" என்று நம் செயலி இயங்குதளத்திடம் ஒப்புக்கொள்வதாகும். ஆகவே சிக்கல் புதிய கைபேசியில்தான் தலைகாட்டும்.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். டார்கெட்டை 31ஆக்கி, என் ஆண்ட்ராய்டு 11 கைபேசியில் மட்டும் சோதித்துவிட்டு அனுப்பினேன். மறுநாள் காலையில் ஒரு கடையிலிருந்து அழைப்பு வந்தது: "தம்பி, பிரிண்டர்ல லைட் எரியுது, பேப்பரும் இருக்கு, பில்லு மட்டும் வரமாட்டேங்குது." ஆண்ட்ராய்டு 12 முதல், 31ஐக் குறிவைக்கும் செயலி ஏற்கெனவே இணைத்த புளூடூத் பிரிண்டரோடு பேசுவதற்கும் பயனரிடம் திரையில் அனுமதி கேட்டுப் பெற வேண்டும். அந்த அனுமதியை, காரணத்தைத் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டுக் கேளுங்கள். இருமுறை மறுத்துவிட்டால் இயங்குதளம் மீண்டும் கேட்கவிடாது என்பதால், செட்டிங்ஸ் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும் பொத்தானும் வையுங்கள். டார்கெட் 35 ஆனதும் ஆண்ட்ராய்டு 15இல் செயலி திரையின் விளிம்புவரை விரிவதால், அடியில் உள்ள 'சேமி' பொத்தான் வழிச்செலுத்தும் பட்டைக்குள் மறையக்கூடும். அந்தப் பட்டை எடுத்துக்கொள்ளும் இடத்தின் அளவை (இன்செட்) இயங்குதளத்திடமிருந்து பெற்று, அடியில் அவ்வளவு இடம் விடுவதே தீர்வு.

விண்டோஸில் வேறு வகைத் தொல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும் என்பதால், பழைய கணினி பலவற்றை மாற்றியே ஆக வேண்டும். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கணக்கு எழுதும் உங்கள் 32-பிட் நிரல் விண்டோஸ் 11இல் ஓடும். ஆனால் இணைத்த கருவியை இயக்க உதவும் மென்பொருளான டிரைவர் 32-பிட்டாக இருந்தால் ஓடாது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், உரிமத்துக்காகச் செருகும் டாங்கிள் ஆகியவற்றுக்கு 64-பிட் டிரைவர் உண்டா என்று உறுதிசெய்த பிறகே புதுக் கணினி வாங்கச் சொல்லுங்கள்.

எந்த மாற்றமானாலும் பிரிண்டர், கோப்பு, அறிவிப்பு என இயங்குதளத்தைத் தொடும் வரிகளைத் தனிக் கோப்புகளில் ஒதுக்கி வைத்திருந்தால், திருத்த வேண்டிய இடம் சுருங்கும். செயலியின் புதிய பதிப்பை முதலில் பிளே ஸ்டோரில் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் கிடைக்கும் உள்சோதனைத் தடத்தில் ஏற்றி, நெருங்கிப் பழகிய ஒரே ஒரு கடையில், தரவை நகலெடுத்த பிறகு, ஒரு வாரம் ஓடவிடுங்கள். அடுத்து பத்து விழுக்காட்டினருக்கு வெளியிடுங்கள். குறை தெரிந்தால் அந்த வெளியீட்டை, செயலியை நிர்வகிக்கும் பிளே கன்சோல் தளத்திலேயே நிறுத்தலாம்.