கனடாக் காற்றுப் பெட்டியைக் கல்லடியில் பூட்டுவதற்கு முன்

ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் மட்டக்களப்புக் கல்லடியில் வீடு கட்டியபோது, அங்கே தன் வீட்டில் ஓடுகிற எச்ஆர்வி (HRV, வெளியேறும் காற்றின் சூட்டை மீட்கும் காற்றுப் பெட்டி) மாதிரியே இங்கும் ஒன்று வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்த வேலைக்குள் நானும் இழுபட்டதால், எங்கெங்கே பிழை வரும் என்று எழுதி வைக்கிறேன்.

முதல் பிழை, ஏசி இல்லாத வீட்டுக்கு இதை வாங்குவது. இந்தப் பெட்டி உள்ளிருக்கும் பழைய காற்றை வெளியே தள்ளும்போதே புதுக்காற்றை உள்ளே எடுக்கும். இரண்டும் கலக்காமல் மெல்லிய தகடுகளின் இரு பக்கமும் போக, சூடு ஒன்றிலிருந்து மற்றதற்குக் கைமாறும். யன்னலைத் திறந்துவிட்டு ஃபேன் போட்டுப் படுக்கிற ஓட்டு வீட்டில் உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடுதான், மீட்க என்ன இருக்கிறது? அங்கே சுவரின் மேல் இருக்கும் காற்றுத் துவாரமே போதும். ஏசி போட்டு இறுக்கி மூடிய அறையில் கதை வேறு. சாதாரண ஸ்பிளிட் ஏசி புதுக்காற்று எடுப்பதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிராக்கும். விடியும்போது தலை கனப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பெரிய பிழை இரண்டாவதுதான். எச்ஆர்வி சூட்டை மட்டுமே கைமாற்றும், ஈரத்தைத் தொடாது. வெளியே 33 பாகை, அறை 25 பாகை, பெட்டியின் திறன் 75 வீதம் என்றால் புதுக்காற்று 27 பாகையில் உள்ளே வரும். கேட்க நன்றாக இருக்கிறது, சரி. ஆனால் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் காற்றில் உள்ள ஈரம் 27 பாகையில் தண்ணீராக இறங்காது, அப்படியே உள்ளே வந்துவிடும். இரண்டு பேர் படுக்கும் அறைக்கு நிமிடத்துக்கு 15 கன அடி காற்று விட்டால் எட்டு மணித்தியாலத்தில் அறைக் காற்றில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு லீற்றர் கூடுதல் தண்ணீர் காற்றோடு வருகிறது என்பது என் கணக்கு. அதை இழுக்க வேண்டியது ஏசிதான். இழுக்க முடியாமல் போனால் அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். இங்கே கேட்க வேண்டியது ஈஆர்வி (ERV), சூட்டோடு ஈரத்தையும் கைமாற்றும் வகை. அதன் நடுப்பகுதி ஈரத்திலும் ஒரு பங்கை வெளியேறும் காற்றுக்கே திருப்பிக் கொடுத்துவிடும், முழுவதையும் அல்ல.

அடுத்தது, பெட்டியை அங்கேயே வாங்கிக் கப்பலில் போடுவது. கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. ட்ரான்ஸ்ஃபோமர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹேர்ட்ஸ் மாறாது, பல மோட்டார்கள் மெதுவாகச் சுற்றிச் சூடேறும். அண்ணாவிடம் இதைச் சொன்னபோது பெட்டி கப்பலில் ஏறியிருந்தது.

காற்று எடுக்கும் வாயையும் விடும் வாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிற மேசன்மாரும் உண்டு. விட்ட காற்றே திரும்பி வரும். குறைந்தது ஆறடியாவது தள்ளி, ஜெனரேற்றர், மலக்குழிக் குழாய், குப்பை எரிக்கிற மூலை எதுவும் கிட்ட இல்லாத பக்கமாக வையுங்கள். கடற்கரைப் பக்கம் இரும்பு மூடி போட்டால் உப்பு தின்றுவிடும், பிளாஸ்டிக் நல்லது. குசினிப் புகையை இதற்குள் விடவே வேண்டாம், மீன் பொரித்த எண்ணெய் உள்ளே ஒட்டினால் கழுவி முடியாது. அதற்குத் தனி ஃபேன்.

குழாய் விஷயத்தில் நாங்களும் பிழை விட்டோம். குளிர்ந்த காற்று போகும் குழாயைக் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் சும்மா விட்டோம், உறை சுற்றவில்லை. கூரைக்குள் இருக்கிற ஈரக்காற்று பட்டுக் குழாய் வியர்த்துச் சீலிங்கில் வட்டம் வட்டமாகக் கறை. பிறகு உறை சுற்றினோம், கறையை இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை.

வெளியே தள்ளும் காற்றும் உள்ளே எடுக்கும் காற்றும் சம அளவில் இருக்கிறதா என்று பூட்டுகிற ஆளிடம் அளந்து காட்டச் சொல்லுங்கள். தள்ளுவது கூடினால் கதவிடுக்கு, சுவர் வெடிப்பு வழியாக ஈரக்காற்று வடிகட்டாமலே உள்ளே புகும். வடிகட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள் என்று புத்தகத்தில் இருக்கும். கச்சான் என்கிற வறண்ட மேல்காற்று அடிக்கிற மாதங்களில் நான் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றுகிறேன், ஒவ்வொரு முறையும் மண்ணிறப் புழுதி கையில் ஒட்டுகிறது.