கொழும்பிலிருந்து இயற்கை விளைபொருள் இரசாயனவியலுக்குள் நுழைவது எப்படி?

தாவரங்களும் பூஞ்சைகளும் கடல்வாழ் உயிரிகளும் தமக்குள் உருவாக்கும் சேர்வைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் கட்டமைப்பைக் கண்டறிவதே இயற்கை விளைபொருள் இரசாயனவியலாளரின் பணி. உயர்தரத்தில் கணிதப் பிரிவில் படித்தாலும் உயிரியல் பிரிவில் படித்தாலும் இரசாயனவியலில் நல்ல பெறுபேறு வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞான பீடம் ஒரு வழி. இராஜகிரியவில் இலங்கை இரசாயனவியல் நிறுவகம் நடத்தும் பாடநெறி மற்றொரு வழி. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடைபெறுவதால், தமிழ் மொழிமூலம் படித்தவர்கள் பெறுபேறு வரும்வரையுள்ள மாதங்களைக் கலைச்சொற்களுக்கு ஒதுக்குவது நல்லது.

பட்டத்துக்குப் பின் மேற்பார்வையாளரைத் தேடும்போது, அவருடைய பெயரைவிட, அவருடைய மாணவர்கள், மூலக்கூறின் கட்டமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்தப் பரிவு) கருவியை எவ்வளவு எளிதாக அணுக முடிகிறது என்பதையும், பிரித்தெடுத்த சேர்வையின் செயற்பாட்டைச் சோதிக்க உயிரியலாளர் ஒருவர் உடனிருக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள்.

அடுத்தது ஆய்வுக் கேள்வியைத் தேர்வது. கொத்தல ஹிம்புட்டு மரத்தில் கடைந்த கிண்ணத்தில் இரவு முழுவதும் நீரை வைத்து, காலையில் நீரிழிவுக்காரர் அருந்தும் வழக்கம் நம் நாட்டில் பழையது. அந்தத் தாவரத்திலிருந்து, மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் ஆல்பா குளுக்கோசிடேசு நொதியைத் தடுக்கும் சலசினோல் என்ற சேர்வையைப் பிரித்து 1997இல் வெளியிட்டவர்கள் யப்பானிய ஆய்வாளர்கள். நம் அடுக்களையில் இருந்த கேள்விக்கு அவர்கள் விடை கண்டார்களே என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

ஆய்வுக்கான மாதிரியைப் புறக்கோட்டை மருந்துச் சரக்குக் கடைகளில் வாங்காதீர்கள். நறுக்கி உலர்த்திய பட்டையைப் பார்த்து உறுதியாக அடையாளம் காண்பது தாவரவியலாளருக்கும் கடினம். பூவும் இலையுமுள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் சரிபார்த்து, மாதிரி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பாதுகாக்கப்பட்ட காடுகளில் சேகரிக்க முன்கூட்டியே அனுமதி பெறுவது அவசியம்.

கரைப்பானும் வெப்பநிலையும் முடிவையே மாற்றிவிடும். சீன ஆய்வாளர் தூ யூயூவின் குழு, மூலிகையைக் கொதிக்கவைத்துச் சாறெடுத்தால் மலேரியாவுக்கு எதிரான செயற்பாடு அழிகிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதருக்கு மாறியது. 1971இல் 191ஆவது மாதிரி பலன் தந்தது. நோபல் பரிசு 2015இல்தான் வந்தது. இத்துறையில் விருதுக்கான காத்திருப்பு இவ்வளவு நீளமாகவும் இருக்கலாம்.

சாற்றிலுள்ள சேர்வைகளைப் பிரிக்கும் குழாயான நிரலை ஓட்டும்போது எக்சேன் என்ற கரைப்பானில் தொடங்கி, எதைல் அசிற்றேற்று என்ற கரைப்பானைச் சிறிது சிறிதாகக் கூட்டி, வழிந்து வருவதைச் சோதனைக் குழாய்களில் சேர்த்து, ஒவ்வொன்றையும் சேர்வைகளைப் பிரித்துக் காட்டும் மென்படைத் தட்டில் புள்ளியிட்டுப் பார்க்க வேண்டும். நான் முதுமாணி ஆய்வு செய்தபோது ஆறு வாரம் உழைத்து நிறமற்ற எண்ணெய் ஒன்றைத் தூய்மைப்படுத்தி, புதிய சேர்வை என்றே நம்பினேன். என்.எம்.ஆர். நிறமாலையில் 7.7, 7.5, 4.2 ஆகிய இடங்களில் தெரிந்த குறிகளைக் கண்ட மூத்த மாணவி சிரித்துவிட்டார்: அது பிளாஸ்டிக்கிலிருந்து கரைப்பானில் கசிந்த தலேற்று. அன்றுமுதல் புதிய கரைப்பான் கலன் ஒவ்வொன்றிலிருந்தும் அரை லீற்றரைத் தாவரம் எதுவுமின்றி ஆவியாக்கி, எஞ்சுவதைத் தட்டில் சோதித்த பின்னரே நிரலில் ஊற்றுகிறேன்.